எதிர்நீச்சல்: வள்ளி ஏன் ஓடவில்லை?

எதிர்நீச்சல்னு சொன்னா பலருக்குப் பாலசந்தரின் 1968 படம்தான் ஞாபகம் வரும். நான் சொல்வது 2013-இல் துரை செந்தில்குமார் இயக்கி, தனுஷ் தயாரித்து, சிவகார்த்திகேயன் நடித்த படம். சமீபத்தில் டிவியில் மறுபடி பார்த்தேன். வந்த புதுசில் சிரிச்சுட்டு எழுந்து போன படம். இந்தத் தடவை அப்படி எழுந்து போக முடியல.

கதை தெரிஞ்சதுதான். ஹீரோ பேரு குஞ்சிதபாதம். அதைச் சுருக்கிக் கூப்பிட்டு எல்லாரும் கேலி பண்றாங்க. அவன் ஹரிஷ்னு பேரை மாத்திக்கிறான். பேரை மாத்தினா மட்டும் போதாது, அந்தப் பேருக்கு ஒரு மதிப்பு வேணும்னு மாரத்தான் ஓடக் கிளம்புறான். எங்க கம்மாபுரம் பக்கத்துலயும் சிதம்பரத்துலயும் குஞ்சிதபாதம்னு பேர் வச்சவங்க உண்டு. நடராஜர் தூக்கி நிற்கிற திருவடிதான் அது. அதனால அந்தக் காமெடி எங்களுக்குக் கொஞ்சம் உறுத்தும். ஆனா என் விமர்சனம் பேரைப் பற்றியது இல்லை.

ஹரிஷுக்குப் பயிற்சி கொடுப்பவர் வள்ளி. நந்திதா நடிச்சிருப்பாங்க. வள்ளி ஒரு ஓட்ட வீராங்கனை. ஜெயிச்ச பிறகு பாலினச் சோதனையில் தோற்றதாகச் சொல்லிப் பதக்கத்தைப் பிடுங்கிடுறாங்க. யாருடைய கதை இதுன்னு உங்களுக்கே தெரியும். புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியைச் சேர்ந்த சாந்தி சௌந்தரராஜன். செங்கல் சூளையில் வேலை பார்த்த பெற்றோரின் மகள். 2006 தோஹா ஆசிய விளையாட்டில் பெண்கள் 800 மீட்டரில் வெள்ளி வாங்கினார். சில நாட்களிலேயே அந்தப் பதக்கம் போனது.

படத்துக்குரிய பாராட்டை முதலில் சொல்லிடணும். சாந்தியின் பெயரே மறந்துபோயிருந்த சமயத்தில், ஒரு கமர்ஷியல் படம் இந்த விஷயத்தைத் தியேட்டர் தியேட்டராகக் கொண்டுபோனது. வள்ளியை அழுகைப் பாத்திரமாக மட்டும் வைக்காமல், தொழில் தெரிந்த கோச்சாகக் காட்டியது. ரெண்டும் சின்ன விஷயம் இல்லை.

குறை எங்கே? முதலாவது, வள்ளிக்கு நடந்ததைப் படம் ஒரு கெட்ட கோச்சின் சதியாக்கிவிட்டது. வில்லன் கிடைச்சுட்டா பார்க்கிறவங்களுக்கு நிம்மதி. நிஜத்தில் சாந்திக்கு எதிரே நின்றது ஒரு விதி. யார் பெண், யார் பெண் இல்லை என்று முடிவெடுக்கும் அதிகாரத்தை அது விளையாட்டு அமைப்புகளின் கையில் கொடுத்திருந்தது. அதே 800 மீட்டரை 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் ஓடினபோது, "இது அவங்க உடம்புக்குத் தாங்காது" என்று பேசி அந்தப் போட்டியையே எடுத்துவிட்டார்கள். திரும்ப வந்தது 1960-இல்தான். சதின்னு சொன்னா ஒரு ஆளோட கதை முடிஞ்சுடும். விதின்னு சொன்னாத்தான் அடுத்த கேள்வி வரும்.

இரண்டாவது குறைதான் எனக்குப் பெரிசு. வள்ளியின் காயம் ஹரிஷ் ஓடுவதற்குப் பெட்ரோலாகிறது. பொண்ணு தோத்த இடத்துல பையன் ஜெயிக்கிறான். அவ ஓரமா நின்னு பார்க்கிறா. வள்ளி ஏன் ஓடவில்லை? அதைவிட முக்கியமாக, வள்ளிக்குப் பக்கத்தில் ஏன் இன்னொரு பெண் இல்லை? கூட ஓடினவள், ஹாஸ்டல் அறையில் கூடப் படுத்தவள், "நீ போ, நான் இருக்கேன்"னு சொன்னவள் யாருமே படத்தில் இல்லை.

ஓடினால் பெண்களுக்குத் தன்னம்பிக்கை வரும் என்று இப்போ எல்லா இடத்திலும் சொல்கிறோம். சாந்திக்குத் தன்னம்பிக்கை குறைவா இருந்ததா? சூளையிலிருந்து தோஹா வரைக்கும் போனவருக்கு அது நிறையவே இருந்தது. இல்லாமல் போனது, பதக்கம் பறிபோன அன்னைக்குப் பக்கத்தில் நிற்க வேண்டிய கூட்டம். 2014-இல் ஒடிசாவின் தூத்தி சந்துக்கும் ஏறக்குறைய இதே நிலைமை வந்தது. அவருடன் பயோஷ்ணி மித்ரா என்ற ஆய்வாளர் நின்றார். கனடா வழக்கறிஞர்கள் கட்டணம் வாங்காமல் வாதாடினார்கள். 2015-இல் விளையாட்டு நடுவர் நீதிமன்றம் அந்த விதியை நிறுத்தி வைத்தது. 2016-இல் தூத்தி ரியோவில் ஓடினார். ரெண்டு பேருக்கும் மனத்துணிவில் வித்தியாசம் இருந்ததாக எனக்குத் தோணல. கூட நின்ற ஆட்களில்தான் வித்தியாசம்.

இது பெரிய மைதானத்துக்கு மட்டும் பொருந்துவது இல்லை. எங்க ஊர்ப் பக்கம் போலீஸ் செலக்‌ஷனுக்கு அறிவிப்பு வந்தா, விடியறதுக்கு முன்னாடியே பொண்ணுங்க கிரவுண்டுக்கு வந்துடுவாங்க. 400 மீட்டரை இரண்டரை நிமிஷத்துக்குள் முடிக்கணும். ஒரு வருஷம் நாலு பேர் சேர்ந்து வந்தாங்க. தனியா ஓடினா ஊரு பேசும், நாலு பேரா ஓடினா அது பயிற்சி. நாய் துரத்தினாலும், பைக்கில் போறவன் கமெண்ட் அடிச்சாலும் நாலு பேரும் ஒண்ணா நின்னு திரும்பிப் பார்ப்பாங்க. வேகமா ஓடுறவ முடிச்சுட்டு உட்காரமாட்டா. திரும்பப் போய், பின்தங்கினவளோட கடைசிச் சுற்றைச் சேர்ந்து ஓடுவா. எந்த கோச்சும் சொல்லிக் கொடுத்தது இல்லை அது.

அந்த நாலு பேரில் ஒருத்திக்குக் கல்யாணம் ஆச்சு. இன்னொருத்தி திருப்பூருக்கு வேலைக்குப் போயிட்டா. மிச்சம் ரெண்டு பேர் கொஞ்ச நாள் வந்தாங்க. ஒரு நாள் ஒருத்திக்குக் காய்ச்சல். அன்னைக்கு இன்னொருத்தியை வீட்டில் தனியா அனுப்பல. அதோட நின்னுபோச்சு. ஓட்டம் நட்பை வளர்க்கும்னு சொல்றோம். சரிதான். ஆனா எங்க ஊர்ல நட்பு இருந்தால்தான் ஓட்டமே. அந்தத் துணை போனா, அவளுக்குள்ள எவ்வளவு நம்பிக்கை இருந்தாலும் வாசல் தாண்ட முடியாது.

டோக்கியோ ஒலிம்பிக் 2021-இல் நடந்தபோது, கலப்புத் தொடர் ஓட்டத்துக்கான இந்திய அணியில் மூன்று தமிழ்ப் பெண்கள் இருந்தார்கள்: ரேவதி, சுபா, தனலட்சுமி. அம்மா அப்பா இல்லாத ரேவதியை வளர்த்தது கூலி வேலை பார்த்த பாட்டி. "பொம்பளைப் புள்ளைய எதுக்கு ஓட அனுப்புற"ன்னு கேட்டவங்களுக்கு நடுவில் அனுப்பினவர் அவர். இந்தப் பாட்டியை, இந்த மூவரை மையமா வச்சு ஒரு படம் வந்திருக்கலாம். தொடர் ஓட்டத்தில் கோலை வாங்கறதும் கொடுக்கறதும்தானே விஷயம்.

சாந்தி அதைச் செய்தார் என்பதுதான் படம் விட்டுவிட்ட பகுதி. அரசு கொடுத்த பணத்தில் புதுக்கோட்டையில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்தார். நடுவில் சூளை வேலைக்கே திரும்பிப் போகவேண்டி வந்தது. பிறகு பயிற்சியாளர் படிப்பு முடித்து, மறுபடி மைதானத்துக்கு வந்தார். தனக்குக் கிடைக்காத துணையை மற்ற பிள்ளைகளுக்குக் கொடுத்தார். எதிர்நீச்சல் என்ற தலைப்பு அதுக்குத்தான் பொருந்தும். ஹரிஷ் ஓடினது ஒரு நாள் போட்டி.

உங்க தெருவில் விடியற்காலையில் ஒரு பொண்ணு தனியா ஓடினா, கைதட்ட வேண்டாம். உங்க வீட்டுப் பொண்ணையும் கூட அனுப்புங்க.