தாகம் எடுத்த பிறகு குடித்தால் போதுமா? – டிம் நோக்ஸின் ‘வாட்டர்லாக்டு’ பற்றி

மூன்று வருடங்களுக்கு முன் ஏப்ரல் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஈ.சி.ஆரில் 30 கிலோமீட்டர் ஓட்டம். எங்கள் குழுவில் எழுதப்படாத சட்டம் ஒன்று உண்டு: “தாகம் எடுத்தா லேட்டு.” அதாவது தாகம் வரும்போதே உடம்பில் தண்ணீர் குறைந்துவிட்டது, அதனால் அது வருவதற்கு முன்பே குடித்துக்கொண்டே இருக்க வேண்டும். நானும் நல்ல பிள்ளையாக நாலு மணி நேரத்தில் ஐந்து லிட்டருக்கு மேல் குடித்தேன். பாதி தண்ணீர், பாதி கடையில் விற்கும் விளையாட்டு பானம்.

கடைசி ஐந்து கிலோமீட்டரில் தலைவலி, குமட்டல். வீட்டுக்கு வந்து பார்த்தால் விரல்கள் வீங்கி, மோதிரத்தைக் கழற்ற முடியவில்லை. எடை மெஷினில் ஏறினேன். கிளம்பும்போது 71.2 கிலோ, இப்போது 72.1. “முப்பது கிலோமீட்டர் ஓடிட்டு யாராவது வெயிட் போடுவாங்களா?” என்று மனைவி சிரித்தாள். அரை மணி நேரத்தில் வாந்தி ஆரம்பித்தது. அப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

பக்கத்தில் இருந்த மருத்துவமனைக்குப் போனோம். “டீஹைட்ரேஷன்தான், ஒரு பாட்டில் ஏத்தினா சரியாயிடும்” என்று ஊசியை எடுத்துவிட்டார்கள். பணியில் இருந்த இளம் மருத்துவர் மட்டும் “எவ்வளவு தண்ணி குடிச்சீங்க?” என்று கேட்டார். பதிலைக் கேட்டதும் ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார். சோடியம் 129. இருக்க வேண்டியது 135 முதல் 145 வரை. பாட்டில் ஏற்றவில்லை. எதுவும் குடிக்கக் கூடாது என்று உட்கார வைத்து, நன்றாகச் சிறுநீர் போகும் வரை பார்த்திருந்து அனுப்பி வைத்தார்கள்.

அந்த ஒரு கேள்விதான் என்னை இந்தப் புத்தகத்திடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. நான் மருத்துவன் இல்லை. பி.இ. படித்துவிட்டு மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். ஆனால் ஒரு பிழை எங்கே நுழைந்தது என்று லாக்கைப் பின்னோக்கித் தேடிப்போகும் பழக்கம் தொழிலில் வந்துவிட்டது. அந்தப் பழக்கத்தோடுதான் படித்தேன். இரண்டு முறை.

புத்தகம் என்ன சொல்கிறது

டிம் நோக்ஸ் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் விளையாட்டு மருத்துவப் பேராசிரியராக இருந்தவர். காம்ரேட்ஸ் என்று ஒரு ஓட்டம் இருக்கிறது. டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே சுமார் 90 கிலோமீட்டர். அதைப் பல முறை ஓடி முடித்தவர். ‘லோர் ஆஃப் ரன்னிங்’ என்ற அவருடைய தலையணை சைஸ் புத்தகம் ஓட்டக்காரர்களுக்கு வேதம் மாதிரி. ‘வாட்டர்லாக்டு’ 2012இல் வந்தது.

வாதம் எளிமையானது. நீண்ட தூர ஓட்டத்தில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் தண்ணீர்க் குறைவு இல்லை, தண்ணீர் மிகுதி. அளவுக்கு மேல் குடித்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப் போகும். இதற்கு ஹைப்போநெட்ரீமியா என்று பெயர். சாதாரண நாளில் மிகுதியான தண்ணீரைச் சிறுநீரகம் வெளியே தள்ளிவிடும். ஆனால் கடுமையாக ஓடும்போது சிலருக்கு வாசோபிரெசின் என்ற ஹார்மோன் தேவையில்லாமல் சுரந்துகொண்டே இருக்கும். அது “தண்ணியை விடாதே, பிடிச்சு வை” என்று சிறுநீரகத்துக்குக் கட்டளை போடும். உள்ளே வருவது நிற்காது, வெளியே போகும் கதவு மூடியிருக்கும். செல்கள் வீங்கும். விரல் வீங்கினால் மோதிரம் சிக்கிக்கொள்ளும், அவ்வளவுதான். மூளை வீங்கினால் மண்டையோட்டுக்குள் அதற்கு இடம் கிடையாது.

விளையாட்டு பானம் குடித்தால் தப்பிக்கலாமா? முடியாது. ஒரு வழக்கமான விளையாட்டு பானத்தில் லிட்டருக்குச் சுமார் 20 மில்லிமோல் சோடியம். ரத்தத்தில் 140. உலக சுகாதார நிறுவனத்தின் ஓ.ஆர்.எஸ்ஸில்கூட 75தான். அளவு மீறிக் குடித்தால் எல்லாமே ரத்தத்தை நீர்க்கத்தான் செய்யும்.

எங்கே ஜெயிக்கிறது

புத்தகத்தின் பெரிய பலம் அதன் வரலாற்றுப் பகுதி. 1960கள் வரை மாரத்தான் ஓடுகிறவர்கள் வழியில் தண்ணீர் குடிப்பதே குறைவு. 1965இல் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் ராபர்ட் கேட் கேடோரேடை உருவாக்குகிறார். 1969இல் ஜோகன்னஸ்பர்க்கின் சுரங்க ஆய்வாளர்கள் விண்டமும் ஸ்ட்ரைடமும், மாரத்தானில் போதிய தண்ணீர் குடிக்காவிட்டால் ஆபத்து என்று ஒரு கட்டுரை எழுதுகிறார்கள். அதிக எடை இழந்தவர்களுக்கு உடல் வெப்பம் அதிகம் என்பதுதான் அவர்கள் கையில் இருந்த ஆதாரம். நோக்ஸ் அதே தரவைத் திரும்பப் பார்த்துவிட்டுக் கேட்கிறார்: வேகமாக ஓடினவனுக்குத்தானே வெப்பமும் அதிகம், வியர்வையும் அதிகம்? அங்கே முன்னால் வந்தவர்களே அதிகம் வற்றிப்போனவர்கள்தானே? தண்ணீர்க் குறைவுதான் வெப்பத்துக்குக் காரணம் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?

அருமையான கேள்வி. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

1996இல் அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரியின் வழிகாட்டுதல் மணிக்கு 600 முதல் 1200 மில்லிலிட்டர் வரை, அல்லது வயிறு தாங்கும் அளவுக்குக் குடிக்கச் சொன்னது. அந்த அமைப்புக்குக் கேடோரேட் புரவலர். அமெரிக்க ராணுவமோ, பயிற்சியில் தண்ணீர் மிகுதியால் வந்த பாதிப்புகளைப் பார்த்துவிட்டு 1998இலேயே மணிக்கு இவ்வளவுக்கு மேல் குடிக்காதே என்று உச்சவரம்பு வைத்துவிட்டது. 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடியவர்களில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது 13% பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. அந்த ஆய்வு 2005இல் வந்தது. ஓட்டத்தின்போது எடை கூடியவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொண்டவர்கள். அதே வருடம் நோக்ஸ் குழு, ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பார்த்த 2,135 பதிவுகளை வைத்து அதையே சொன்னது. 2007இல் அமெரிக்கக் கல்லூரி தன் வழிகாட்டுதலை மாற்றிக்கொண்டது.

இன்னொரு விஷயம். ஓட்டம் முடிந்து கோட்டைத் தாண்டியவுடன் பொத்தென்று விழுகிறார்களே, அவர்களில் பெரும்பாலானோருக்குத் தண்ணீர்க் குறைவு பிரச்சினையே இல்லை என்கிறார். ஓடும்போது கெண்டைக்கால் தசைகள் ரத்தத்தை மேலே அழுத்திக் கொடுக்கின்றன. திடீரென்று நின்றால் அந்தப் பம்ப் நின்றுவிடும், ரத்த அழுத்தம் விழும். காலைத் தூக்கி வைத்துப் படுக்கப் போட்டாலே போதும். தாறுமாறாக டிரிப் ஏற்ற வேண்டியதில்லை. இதைப் படித்தபோது எனக்கு அந்த மருத்துவமனை ஞாபகம்தான் வந்தது. சோடியம் குறைந்தவனை, தண்ணீர் குறைந்தவன் என்று நினைத்துப் பாட்டில் பாட்டிலாக ஏற்றினால் என்ன ஆகும்? கடுமையான நிலையில் கொடுக்க வேண்டியது 3% அடர்த்தியான உப்புக் கரைசல். இரண்டு நோய்க்கும் வெளியே தெரியும் அறிகுறி கிட்டத்தட்ட ஒன்று, மருந்து நேர் எதிர்.

இந்த அத்தியாயங்களுக்காக மட்டுமே புத்தகத்தை வாங்கலாம்.

எங்கே சறுக்குகிறது

“அதிகம் குடிக்காதே” என்பது ஒரு கூற்று. “தண்ணீர்க் குறைவு உன் வேகத்தைப் பாதிக்காது” என்பது வேறொரு கூற்று. முதலாவதற்கு மலையளவு ஆதாரம் இருக்கிறது. இரண்டாவதை அதன் முதுகில் ஏற்றிக் கூட்டிக்கொண்டு போய்விடுகிறார்.

அந்த இரண்டாவது வாதத்துக்கு இந்தத் தரப்பு முன்வைக்கும் ஆதாரங்களில் ஒன்று, 2009 மோன் சான் மிஷேல் மாரத்தானில் 643 பேரை எடைபோட்ட ஆய்வு. நோக்ஸும் அதன் ஆசிரியர்களில் ஒருவர். மூன்று மணி நேரத்துக்குள் முடித்தவர்கள் சராசரியாக 3.1% எடை இழந்திருந்தார்கள், நாலு மணிக்கு மேல் எடுத்தவர்கள் 1.8%தான். அதிகம் வற்றியவர்களே வேகமாக ஓடியிருக்கிறார்கள், ஆகவே 2% எடை இழந்தாலே வேகம் குறையும் என்ற ஆய்வக முடிவு இதோடு ஒத்துப்போகவில்லை என்கிறார்கள்.

கொஞ்சம் நில்லுங்கள். 1969 கட்டுரையை நோக்ஸ் எந்தக் கேள்வியால் வீழ்த்தினார்? வேகமாக ஓடினவனுக்கு வியர்வை அதிகம், தொடர்பு இருப்பதாலேயே காரணம் ஆகிவிடாது என்றுதானே? அதே கேள்வியை இங்கேயும் கேட்க வேண்டாமா? வேகமானவன் அதிகம் வியர்க்கிறான், நின்று குடிக்க அவனுக்கு நேரமும் இல்லை, அதனால் எடை குறைகிறது. இன்னும் அரை லிட்டர் குடித்திருந்தால் இன்னும் வேகமாக ஓடியிருப்பானா என்பதை இந்தத் தரவு சொல்லவே சொல்லாது. எதிராளியின் தரவுக்கு ஒரு நியாயம், தன் தரவுக்கு ஒரு நியாயம்.

புத்தகம் வந்த பிறகு நடந்த சோதனைகள் இன்னும் சுவாரசியம். குடித்தோமா இல்லையா என்பது ஓட்டக்காரனுக்கே தெரிந்திருந்தால் மனசு விளையாடும். அதனால் தெரியாமல் செய்து பார்த்தார்கள். 2015இல் இரண்டு குழுக்கள், சைக்கிள் வீரர்களுக்கு நரம்பு வழியாக உப்பு நீர் ஏற்றி, யாருக்கு எவ்வளவு ஏறியது என்று சொல்லாமல் சுமார் 33 – 35 டிகிரி வெப்பத்தில் ஓட்டிப் பார்த்தன. 3% எடை குறைந்தவர்களும் அதே வேகம்தான். நோக்ஸ் ஜெயித்தார் என்று தோன்றும். ஆனால் 2017இல் இன்னொரு குழு, குழாய் வழியாக நேரே வயிற்றுக்குள் தண்ணீர் விட்டு 34 டிகிரியில் அதே மாதிரி சோதித்தது. 2.4% எடை குறைந்தவர்களின் செயல்திறன் சுமார் 8% விழுந்தது. எல்லாமே பத்துப் பேர் அளவிலான சின்னச் சோதனைகள். வழக்கு இன்னும் நடக்கிறது. புத்தகமோ தீர்ப்பு எழுதி, கையெழுத்தும் போட்டுவிட்டது.

நடைமுறையில் இன்னொரு ஓட்டை. தாகத்தை நம்பு என்றால், தாகம் எடுக்கும் இடத்தில் தண்ணீர் இருக்க வேண்டும். சென்னையின் மே மாதப் புழுக்கத்தில் அடுத்த பந்தல் நாலு கிலோமீட்டர் தள்ளி இருந்தால், என் தாகம் அங்கே போய் என்ன செய்யும்? கலஹாரி வேட்டையாடிகள் குறைந்த நீரில் வெயிலில் ஓடி மான் பிடித்தார்கள் என்று பரிணாமக் கதையை விரிவாகச் சொல்கிறார். அவர்கள் மானைப் பிடித்தால் போதும், கடிகாரத்தைப் பிடிக்க வேண்டியதில்லை.

தொனியும் ஒரு பிரச்சினை. ஒரே வில்லன், ஒரே சதி என்று நானூறு பக்கத்துக்கு மேல் போகிறது. கம்பெனிப் பணம் அறிவியலை வளைத்தது உண்மைதான். ஆனால் தப்பான முடிவு எல்லாம் விலைக்கு வாங்கப்பட்டதல்ல. சுரங்கத்தில் வெப்பத்தால் தொழிலாளிகள் சாவதைப் பார்த்த ஆய்வாளன், ஓட்டக்காரனிடமும் அதையே தேடுவான். அது சாதாரண மனிதத் தப்பு.

ஒருமுறை சரியாக இருந்ததன் விலை

‘லோர் ஆஃப் ரன்னிங்’ மாவுச்சத்தைத் தூக்கிப் பிடித்த புத்தகம். 2010 டிசம்பரில் நோக்ஸ் குறைந்த மாவு, அதிகக் கொழுப்பு உணவுக்கு மாறினார். தன் புத்தகத்தின் உணவு அத்தியாயத்தைக் கிழித்துப் போடச் சொன்னார். அந்தத் தைரியத்துக்கு ஒரு சலாம். தமிழில் பேலியோ பேசுகிறவர்கள் மத்தியில்தான் நானும் அவர் பெயரை முதலில் கேள்விப்பட்டேன். எடை குறைக்கவும் சர்க்கரையைக் கட்டுப்படுத்தவும் அந்த உணவு பலருக்கு உதவியிருக்கிறது, என் வீட்டிலேயே சாட்சி உண்டு. ஆனால் வேகத்துக்கு?

2016இல் வந்த ஒரு ஆய்வில் 20 நெடுந்தூர ஓட்டக்காரர்கள். குறைமாவு உணவுக்குப் பழகியவர்கள் நிமிடத்துக்கு 1.54 கிராம் வரை கொழுப்பை எரித்தார்கள், மற்றவர்கள் 0.67. பிரமிப்பான எண். ஆனால் யார் வேகம் என்று அந்த ஆய்வு பார்க்கவே இல்லை. அதைப் பார்த்தது ஆஸ்திரேலியாவில் லூயிஸ் பர்க் குழு, 2017இல். உலகத் தரத்து வேகநடை வீரர்கள், மூன்று வாரக் கடும் பயிற்சி, முடிவில் 10 கிலோமீட்டர் போட்டி. மாவுச்சத்து சாப்பிட்ட இரண்டு குழுக்களும் 6.6%, 5.3% முன்னேறின. கொழுப்புக் குழு முன்னேறவில்லை. கொழுப்பை நன்றாகவே எரித்தார்கள், ஆனால் அதே வேகத்துக்கு அதிக ஆக்சிஜன் தேவைப்பட்டது. ஒரு லிட்டர் ஆக்சிஜனில் மாவுச்சத்து சுமார் 5 கிலோகலோரி தரும், கொழுப்பு சுமார் 4.7. மெதுவாக ஓடினால் இந்த வித்தியாசம் தெரியாது. மூச்சு முட்டும் வேகத்தில் அதுதான் தோல்வி. 2020இல் திரும்பச் செய்தபோதும் அதே முடிவுதான்.

இங்கேயும் நோக்ஸின் வாதக் கட்டுமானம் மாறவில்லை: ஆதிமனிதன் இப்படித்தான் வாழ்ந்தான், கம்பெனிகள் நம்மை ஏமாற்றின, நான் சொன்னபோது முன்பும் சிரித்தார்கள். தண்ணீர் விஷயத்தில் உலகமே எதிர்த்தபோது அவர் சரியாக இருந்தார். எதிர்ப்பு இருப்பதே தான் சரி என்பதற்கு அடையாளம் என்று ஆகிவிட்டால், அதற்கப்புறம் யார் சொல்லியும் திருத்த முடியாது. இது நோக்ஸுக்கு மட்டும் வரும் வியாதி இல்லை. ஒரு பெரிய பிழையைத் தனியாளாகக் கண்டுபிடித்த எந்த இன்ஜினியரும் அடுத்த ஆறு மாதம் மீட்டிங்கில் எப்படிப் பேசுவான் என்று எனக்குத் தெரியும். நானே பேசியிருக்கிறேன்.

நான் எடுத்துக்கொண்டது

புத்தகத்தை அலமாரியில் வைத்திருக்கிறேன், தூக்கிப் போடவில்லை. முதல் பாதி என் உயிரோடு சம்பந்தப்பட்டது. இப்போது நீண்ட ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பார்க்கிறேன். குறைந்த எடையோடு குடித்த லிட்டரைக் கூட்டி, மணி நேரத்தால் வகுத்தால் என் வியர்வை வேகம் தெரிந்துவிடும். எனக்கு ஏப்ரலில் மணிக்கு ஒரு லிட்டர் சொச்சம், டிசம்பரில் அதில் பாதிக்குக் கொஞ்சம் மேல். ஒரே மனிதன், ஒரே சாலை, இரண்டு எண். “மணிக்கு இவ்வளவு குடி” என்று எல்லாருக்கும் ஒரே விதி சொல்கிறவரை அதனாலேயே நம்புவதில்லை. தாகத்துக்குக் குடிக்கிறேன், வெயில் காலத்தில் கையில் பாட்டில் இருக்கும், எடை கூடித் திரும்பக் கூடாது என்பது மட்டும் மாறாத விதி. ஓட்டத்துக்கு முன்னால் ரெண்டு இட்லி உண்டு.

எங்கள் குழுவின் வாட்ஸ்அப்பில் “தாகம் எடுத்தா லேட்டு” இன்னமும் மாதம் ஒருமுறை வந்துவிடுகிறது. நான் சண்டை போடுவதில்லை. ஒரே ஒரு வரி மட்டும் போடுவேன்: யாராவது ஓடி முடித்து வாந்தி எடுத்தால், குழம்பிப் பேசினால், பாட்டில் ஏற்றச் சம்மதிப்பதற்கு முன், அவர் எவ்வளவு குடித்தார் என்பதை டாக்டரிடம் சொல்லுங்கள். அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.