‘அல்-அத்லால்’: ஏட்டுப் பாடமும் மேடைப் பாடமும்

பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்தோர் பல ஊர்களிலிருந்தும் ஏடுகளைத் தேடிக் கொணர்ந்து ஒப்பு நோக்கினர். ஓரிடத்தில் ஒரு சொல் மாறி நின்றால் அதனைப் பாடபேதம் என்று அடிக்குறிப்பில் இட்டனர். அரபு இலக்கியம் பயின்றோருக்கும் இது புதிதன்று. நம் மதரஸாக்களில் ஓதப்படும் முஅல்லகாக் கவிதைகளில், ஒரே அடியை ஒரு ராவி ஒருவிதமாகவும் மற்றொரு ராவி வேறுவிதமாகவும் அறிவிக்கக் காண்கிறோம். இரண்டையும் ஓதிக் காட்டி, இரண்டுக்கும் பொருள் கூறி, மேலே செல்கிறோம். ஆனால், பாடகர் வாயிலிருந்து வந்த வேற்றுமையை மட்டும் பாடபேதம் என ஏற்க மனம் வருவதில்லை. அச்சில் உள்ளதே மெய், பாடியதெல்லாம் பிழை என்று தீர்ப்புச் செய்துவிடுகிறோம். அப்படியொரு தீர்ப்பை நாமே ஒருமுறை செய்தோம்.

தற்கால அரபுக் கவிதை வகுப்பில் எகிப்தியக் கவிஞர் இப்ராஹீம் நாஜியின் ‘அல்-அத்லால்’ கவிதையை நடத்திக்கொண்டிருந்த காலம். நாஜி மருத்துவத் தொழில் புரிந்தவர், 1953இல் காலமானவர். அத்லால் என்பது பாழடைந்த மனைகளின் எச்சம். காதலி நீங்கிச் சென்ற பாசறையின் தடத்தில் நின்று அழும் பழைய மரபு இம்ரவுல் கைஸின் கவிதை வழியே நமக்கு நன்கு அறிமுகமானது. அந்த மரபையே நாஜி தம் காதல் முறிவுக்குப் பெயராக்கிக்கொண்டார். தேர்வில் மாணவர் ஒருவர் முதலடியையே மாற்றி எழுதியிருந்தார். சிவப்பு மையால் அடித்து மதிப்பெண்ணையும் குறைத்தோம். மறுநாள் அவர், தம் தந்தையார் ஜித்தாவிலிருந்து கொண்டுவந்த ஒலிநாடா ஒன்றை நம் மேசைமீது வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் நின்றார். உம்மு குல்ஸூம் பாடிய அந்நாடாவில் அவ்வடி மாணவர் எழுதியபடியே இருந்தது!

திவானில் கவிஞர் தம் நெஞ்சை விளித்து, மறைந்தவருக்குக் கேட்கும் துஆவைத் தம் காதலுக்குக் கேட்டுத் தொடங்குகிறார். பாட்டில் அந்தத் துஆ இல்லை. காதல் போன இடத்தை வினவ வேண்டாம் என்று நெஞ்சுக்குத் தடை விதிக்கப்படுகிறது. எது சிறந்தது? ஏட்டில் படிப்போருக்குக் கவிஞர் பாடமே சிறந்தது என்பதில் நமக்கு ஐயமில்லை. முதல் மூச்சிலேயே ஜனாஸாவை எடுத்துவிடுகிற துணிவு அதில் உண்டு. ஆனால் பாட்டு ஒரு மணி நேரம் நடக்க வேண்டியது. தொடக்கத்திலேயே அடக்கம் முடிந்துவிட்டால் அப்புறம் பாட என்ன இருக்கிறது? கேட்காதே என்று தடுத்த கேள்வியையே அல்லவா பாட்டு முழுவதும் கேட்டுக்கொண்டு போகிறார்! மாற்றம் காரணமின்றிச் செய்ததன்று. கவிஞர் உயிரோடு இருந்திருந்தால் இசைந்திருப்பாரா என்பது வேறு கேள்வி.

ரியாழ் ஸுன்பாதி இசையமைக்க, 1966இல் இப்பாட்டு வெளிவந்தது. கூடத்தில் பதிந்த இசைத்தட்டில் ஒவ்வோர் எழுத்தும் தன் மக்ரஜிலிருந்து தெளிவாகப் பிறக்கிறது. கிராமத்துப் பள்ளிவாசல் இமாமின் மகளாகப் பிறந்து மக்தபில் குர்ஆன் ஓதி வளர்ந்தவர் உம்மு குல்ஸூம். அப்பயிற்சி கடைசிவரை அவர் நாவை விட்டு அகலவில்லை. (இசை கேட்பது ஆகுமா, ஆகாதா என்பதை உலமாக்களிடமே விட்டுவிடுகிறோம். நாம் பேச வந்தது கவிதையைப் பற்றி.)

மேடைப் பதிவுகளோ வேறோர் உலகம். கச்சேரிப் பருவத்தில் மாதத்தின் முதல் வியாழன் இரவு அவர் பாட, கெய்ரோ வானொலி நேரடியாக ஒலிபரப்பியது. அவ்விரவுகளில் அவர் ஓர் அடியை ஒருமுறை பாடிவிட்டு அகல்வதில்லை. கேட்போர் குரலெழுப்ப, அதே அடிக்குத் திரும்புகிறார். முன்பு அழுத்திய சொல்லை மெல்ல விட்டு அடுத்த சொல்லை அழுத்துகிறார். மறுபடி வரும்போது மெட்டின் வழியே சற்று விலகியிருக்கிறது. கானூன் வாசித்த முஹம்மத் அப்துஹு ஸாலிஹும், வயலின் வாசித்த அஹ்மத் ஹிஃப்னாவியும் அவர் எப்பக்கம் திரும்புவார் என்று காத்திருந்து பின்தொடர்கின்றனர்.

கவிதையின் நடுவே, தன்னைப் பிணித்த தளையை அவிழ்த்துவிடுமாறு முறையிடும் இடம் ஒன்றுண்டு. நாஜி எழுதியபோது அது ஒரு காதலரின் முறையீடு, இசைத்தட்டிலும் அவ்வளவே. 1967 ஜூன் போரில் அரபு நாடுகள் தோல்வியுற்ற பின்னரோ, கேட்போர் அதனைத் தங்கள் மண்ணின் குரலாகவே கேட்டனர். அவ்வாண்டு நவம்பரில் பாரிஸ் ஒலிம்பியா அரங்கில் அவர் பாடிய பதிவை இந்நோக்கில் கேட்க வேண்டும். அறுபதைக் கடந்த குரல். உச்சத்துக்கு முன்போல் ஏறவில்லை. ரசிகர் ஒருவர் மேடையேறிக் காலைப் பற்ற முயல, அவர் விழுந்து எழுந்து பாடியதும் அங்கேதான். ஆயினும் இந்த இடத்தில் அக்குரலுக்கு வரும் கனம் கூடப் பதிவில் இல்லை. முதலடியில் சொல் மாறியதால் பொருள் மாறிற்று. இங்கே சொல் ஒன்றும் மாறவில்லை, பொருள் மட்டும் மாறிவிட்டது. இதனை எந்த அடிக்குறிப்பில் இடுவது?

இப்படிச் சொல்வதால் மேடைப் பதிவெல்லாம் உயர்ந்தது என்று கொள்ளலாகாது. 1964இல் வந்த ‘இன்த்த உம்ரீ’யை எடுத்துக்கொள்வோம். இசையமைத்தவர் முஹம்மத் அப்துல் வஹ்ஹாப் (பெயரைக் கண்டு நஜ்து நாட்டை நினைத்துவிட வேண்டாம்; இவர் கெய்ரோக்காரர்). மின் கிதார் முதலாக எல்லாவற்றையும் முன்கூட்டியே இடமறிந்து அமைத்தவர். ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஓடும் இசைத்தட்டில் அக்கட்டுமானம் நன்கு விளங்குகிறது. மேடையில் முன்னிசைக்கே கைதட்டல் எழுகிறது. திரும்பத் திரும்பப் பாடுவதில் இனிமை கூடுகிறது, பொருள் கூடுவதாக நமக்குத் தோன்றவில்லை. அந்த அடிகளில் திருப்பித் திருப்பிக் காட்டுமளவுக்கு ஆழம் போதாது என்பதே நம் கருத்து. இதற்காக நம்முடன் சண்டையிடும் நண்பர்கள் இருவர் உளர்.

தேர்வு முடிவுகள் அதற்குள் வெளியாகிவிட்டதால் அம்மாணவரின் மதிப்பெண்ணைத் திருப்பித் தர வழியில்லாமற் போயிற்று. நம்மிடமுள்ள திவானின் ஓரத்தில், முதலடிக்கு நேரே, அவர் எழுதிய பாடத்தையும் மையால் எழுதி வைத்திருக்கிறோம். அவ்வகுப்பை நடத்தும்போதெல்லாம் இரண்டையும் ஓதுகிறோம். ஒலிநாடாவை அவர் திரும்பக் கேட்கவேயில்லை.