இருமுறை வரும் கோவிந்தன்

விஷ்ணு சகஸ்ரநாமத்தின் ஆயிரம் பெயர்களில் ‘கோவிந்தன்’ 187ஆவதாக ஒருமுறையும் 539ஆவதாக மறுமுறையும் வருகிறான். கூறியது கூறல் என்று உரைகாரர்கள் இதை விட்டுவிடவில்லை. வடமொழியில் ‘கோ’ என்றால் பசு, பூமி, சொல் என்று பல பொருள். இடத்துக்கு ஒன்றாகச் சொல்ல வசதியாகப் போயிற்று. இப்படி ஒவ்வொரு பெயராக எடுத்து ‘பகவத்குண தர்ப்பணம்’ என்ற உரையைச் செய்தவர், கூரத்தாழ்வானின் மகன் பராசர பட்டர். அவர் வாதம் செய்ய மேல்கோட்டைக்கு வந்ததாகவும், தோற்ற அவ்வூர் வேதாந்தி ஒருவர் அவருக்கே சீடராகி நஞ்சீயர் என்று பெயர் பெற்றதாகவும் குருபரம்பரைக் கதை சொல்கிறது.

மைசூரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டரில், குன்றின்மேல் இருக்கிறது மேல்கோட்டை. வைணவர்களுக்கு அது திருநாராயணபுரம். இராமாநுசர் 12 ஆண்டு தங்கியதாகச் சொல்லப்படும் ஊர். சுற்றிலும் கன்னடம் பேசும் மண்டியா மாவட்டம். ஆனால் உற்சவர் செல்வப்பிள்ளை புறப்பட்டால் முன்னே தமிழ்ப் பிரபந்த கோஷ்டி, பின்னே வேதபாராயணம். கோஷ்டியில் பாசுரத்தைப் ‘பாடுவது’ கிடையாது, ‘சேவிப்பது’தான். மனப்பாடம் இருக்க வேண்டும். ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் பிசிறில்லாமல் தொடர வேண்டும். சாற்றுமுறை ஆன பிறகே தீர்த்தமும் சடாரியும். வீட்டில் கன்னடம் கலந்த தமிழ் பேசுகிற ஐயங்கார்களின் நாக்கில் ஆழ்வார்களின் தமிழ் இப்படித்தான் தங்கியிருக்கிறது.

யாழ்ப்பாணத்து வடமராட்சியில் ‘ஆழ்வார்’ என்றால் பாடியவர் அல்லர், சாமியே! வல்லிபுர ஆழ்வார் கோயிலின் மூலஸ்தானத்தில் இருப்பது சக்கரம். ஒரு பெண்ணின் மடியில் துள்ளி விழுந்த மீன் சக்கரமாக மாறியது என்பது ஊர்க்கதை. மணற்காட்டு நடுவே இருக்கும் இந்தப் பெருமாளைத் தேடி வருபவர்களில் பெரும்பாலோர் சைவர்கள். ஆவணியில் நல்லூரில் ‘அரோகரா’ என்ற அதே தொண்டை, புரட்டாசியில் இங்கே ‘கோவிந்தா’ என்கிறது.

சமுத்திர தீர்த்தத்தன்று சுவாமி கடற்கரைக்கு எழுந்தருளும்போது அந்தக் குரலைக் கேட்க வேண்டும். அதற்கு மனப்பாடம் தேவையில்லை, இடம் பிடித்து நிற்கும் வரிசையும் இல்லை. தோளில் பிள்ளையைச் சுமந்தவரும் அலையில் கால் நனைத்த கிழவியும் ஒன்றாகக் கூப்பிடுகிறார்கள். அது 187ஆம் பெயரா, 539ஆம் பெயரா என்று அங்கே கேட்டால் சிரிப்பார்கள்.

இதை வைத்து யாழ்ப்பாணத்தில் பொருள் ஆராயும் பழக்கமே குறைவு என்று எண்ணிவிடக் கூடாது. அங்கே ஒருவர் கந்தபுராணச் செய்யுளை வாசிக்க, இன்னொருவர் ‘பயன்’ சொல்லும் புராணபடனம் தலைமுறைகளாக நடக்கிறது. பட்டர் பெயர்களுக்குச் செய்த உழைப்பை அவர்கள் புராணத்துக்குச் செய்தார்கள். பெயரைக் கூட்டத்திடமே விட்டுவிட்டார்கள் என்று தோன்றுகிறது.

மேல்கோட்டையிலும் பங்குனியில் ஓர் இரவு அப்படி விட்டுவிடுவது உண்டு. வைரமுடி மண்டியா அரசுக் கருவூலத்திலிருந்து காவலோடு வரும். பகல் வெளிச்சம் அதன்மேல் படக் கூடாது என்பது வழக்கம். ஆகவே சேவை முழுதும் இரவில்தான். முடி சூடிச் செல்வப்பிள்ளை வெளியே வந்ததும், சுற்றுப்புறக் கிராமங்களிலிருந்து வந்து திரண்ட கன்னட விவசாயிகள் ‘கோவிந்தா’ என்று எழுப்பும் முழக்கத்தில், பக்கத்தில் நிற்பவருக்கே பாசுரம் கேட்காது. கோஷ்டி அதைப் பொருட்படுத்தாமல் சேவித்துக்கொண்டே போகும்.