ஓர் உயிரெழுத்தின் தூரம்

புதுக்கவிதை எழுதுகிற பலருக்கு யாப்பு ஒரு விலங்கு; புலவர்களுக்கு ஒரு வாய்பாடு. இரு சாராரும் புறநானூற்றின் 112ஆம் பாட்டைக் காதால் படிக்கவில்லை என்றே எனக்குப் படுகிறது.

பாரி மகளிர் பாடியதாக வரும் இப்பாட்டு ஐந்தே அடி. அன்றைய நிலவில் தந்தையும் இருந்தான், குன்றும் இருந்தது. இன்றைய நிலவில் இரண்டும் இல்லை. விஷயம் இவ்வளவுதான். உவமை இல்லை; அழுகை இல்லை.

முதலடியும் மூன்றாமடியும் ஒரே அச்சு. 'அற்றை' 'இற்றை' ஆகிறது. 'அ'வில் திறந்த வாய் 'இ'யில் ஒடுங்குகிறது. 'இ' என்ற ஒலியிலேயே சோகம் இருப்பதாக நான் சொல்லவில்லை. மற்றதெல்லாம் மாறாமலிருக்க அது மட்டும் மாறுவதால் உறைக்கிறது. பி.ஏ. வகுப்பில் படித்த வேர்ட்ஸ்வொர்த்தின் எட்டடி லூசிக் கவிதையிலும் (1800) சாவு இரண்டு பத்திகளுக்கு நடுவிலுள்ள வெற்றிடத்தில்தான் நிகழ்கிறது. இங்கே அந்த வெற்றிடம்கூடத் தேவைப்படவில்லை.

முன்பாதியில் தந்தை முதலில், குன்று பிறகு. பின்பாதியில் குன்று முதலில் போகிறது, தந்தை கடைசியில். ஓசையும் இப்படியே புரள்கிறது: 'உடையேம்' என்பதன் 'ஏம்', 'இலமே' என்பதில் 'மே' ஆகிறது. உதடு மூடி முடிந்த சொல்லுக்குப் பதிலாக, மூட முடியாமல் நீளும் சொல்.

நான்காமடிக்கு மூன்றே சீர். நேரிசை ஆசிரியப்பாவில் ஈற்றயலடி அப்படித்தான் வரும் என்பார் புலவர். சரி. ஆனால் அந்தக் குறையடி எங்கே முடிகிறது? 'எம்' என்ற சொல்லில். அதுவும் வேந்தரோடு ஒரே சீராக ஒட்டிக்கொண்டு. குன்று அடுத்த அடியில் கிடக்கிறது. உரிமை ஓர் அடியில், உடைமை இன்னோர் அடியில்; நடுவே ஒரு சீரின் மௌனம். இலக்கணம் கட்டாயப்படுத்திய இடத்தையே கவிதை தன் இழப்புக்கு எடுத்துக்கொண்டுவிட்டது.

என் தகப்பனார் இறந்த மாதம் நாற்பது வரி எழுதினேன். வங்கியில் ஒரு பகல் இடைவேளையில் எடுத்துப் படித்தபோது, 'கண்ணீர்' நான்கு தடவை வந்திருந்தது. எந்த வரியும் அங்கேதான் முடிந்தாக வேண்டும் என்பதற்குக் காரணம் இல்லை. கிழித்துவிட்டேன்.

யாப்புக்குத் திரும்பச் சொல்லவில்லை. யாப்பை விட்டவன் தன் வரி எங்கே குறைய வேண்டும் என்பதைத் தானே கண்டுபிடித்தாக வேண்டும். துக்கம் அதைச் சொல்லித் தராது.