கேட்டுக்கொண்டிருந்த முகம்

முதலில் ஒரு சின்னப் புதிர். சிவாஜி கணேசனின் முதல் படம் 'பராசக்தி' (1952). அதில் அவருக்கு ஜோடி யார்? கன்னடத்து ராஜ்குமார் கதாநாயகனாக அறிமுகமான படம் 'பேடர கண்ணப்பா' (1954). அதில் அவருக்கு ஜோடி யார்?

இரண்டுக்கும் ஒரே விடை. பண்டரிபாய்!

'யாரு, அந்த அம்மாவா?' என்றுதானே கேட்கிறீர்கள்? தப்பு உங்கள் மேல் இல்லை. தமிழ் சினிமா நம்மை அப்படிப் பழக்கி வைத்திருக்கிறது. பண்டரிபாய் என்றதும் நெற்றி நிறையக் குங்குமம், இழுத்துப் போர்த்திய புடவை, விழலாமா வேண்டாமா என்று யோசித்தபடி கண்ணில் நிற்கும் நீர்... பூஜை அறையிலிருந்து தட்டோடு வெளியே வருவார். மகன் காலில் விழுவான். 'நல்லா இருப்பா' என்பார். மகன் சண்டை போடக் கிளம்பிவிடுவான். அவர் திரும்ப பூஜை அறைக்குப் போய்விடுவார்.

இரண்டு சூப்பர் ஸ்டார்களுக்குப் போணி பண்ணிவைத்த கதாநாயகி, எப்போது அந்தப் பூஜை அறைக்குள் போனார்? ஏன் வெளியே வரவில்லை? அதைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம்.

கர்நாடகத்தின் பட்கல்தான் சொந்த ஊர். 1943-ல் 'வாணி' என்ற கன்னடப் படத்தில் தொடக்கம். தமிழில் பெரிய வாசலைத் திறந்தது 'பராசக்தி'. பசியும் பட்டினியுமாக அலையும் குணசேகரன் தன் கதையைச் சொல்ல, அதைக் கேட்கும் வசதியான வீட்டுப் பெண் விமலா. படம் முழுக்க எல்லோரும் கலைஞர் வசனத்தை நெருப்பாகக் கக்குகிறார்கள். அதற்கு நடுவே சாதாரணமாக, வீட்டில் பேசுவதுபோல் பேசுகிற ஒரே ஆள் விமலாதான். 'இதென்ன இந்தப் பெண் இப்படிச் சாதுவாக இருக்கிறாளே' என்று அன்றைக்குச் சிலருக்குத் தோன்றியிருக்கலாம். இன்றைக்குப் போட்டுப் பாருங்கள். படத்தில் பழசாகாமல் இருப்பவற்றில் அந்தப் பேச்சும் ஒன்று.

நியாயமாகப் பார்த்தால் அதற்குப் பிறகு சிவாஜியோடு பத்துப் பதினைந்து டூயட் பாடியிருக்க வேண்டும். நடந்தது வேறு. 1956-ல் 'குலதெய்வம்' வந்தது. குடும்பத்தைக் கட்டிக் காக்கும் அண்ணி வேடம். (நடிகர் ராஜகோபால் 'குலதெய்வம்' ராஜகோபால் ஆனது இந்தப் படத்தால்தான்.) அதையே ஏவி.எம். 1957-ல் இந்தியில் 'பாபி' என்று எடுத்தபோது, பால்ராஜ் சஹானிக்கு மனைவியாக, வீட்டுக்கே பாபியாக பண்டரிபாயையே போட்டார்கள். வயது முப்பதுகூட ஆகவில்லை. அதற்குள் அண்ணி!

அப்புறம் படிப்படியாக ஏற்றம்தான். 'எங்க வீட்டுப் பிள்ளை'யில் (1965) எம்.ஜி.ஆருக்கு அக்கா. 'குடியிருந்த கோயி'லில் (1968) எம்.ஜி.ஆருக்கு அம்மா. இங்கே கொஞ்சம் கணக்குப் போடுவோமா? எம்.ஜி.ஆர். பிறந்தது 1917-ல். பண்டரிபாய் அவரைவிடப் பத்து வயதுக்கு மேல் இளையவர். தன்னைவிடப் பத்து வயது மூத்தவருக்கு முதலில் அக்காவாகி, மூன்றே வருஷத்தில் அம்மாவாகவும் ஆக வேண்டுமென்றால், அதற்கு நடிப்பு மட்டும் போதாது, பொறுமையும் வேண்டும். 'குடியிருந்த கோயில்' என்ற தலைப்பே தாயைத்தான் சொல்கிறது. ஆனால் படம் யாருடையது என்பது உங்களுக்கே தெரியும்.

சிவாஜி கணக்கு இன்னும் விசேஷம். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. 1952-ல் ஜோடி. பதினேழு வருஷம் கழித்து 'தெய்வமக'னில் (1969) ஒரு சிவாஜிக்கு மனைவி, இரண்டு சிவாஜிக்கு அம்மா. மகன் சிவாஜிக்கு ஜோடி 1948-ல் பிறந்த ஜெயலலிதா. ஆக, கதாநாயகன் அதே இடத்தில் நின்றுகொண்டிருக்கிறார். அவரைச் சுற்றிப் பெண்கள்தான் தலைமுறை மாறிக்கொண்டே இருக்கிறார்கள்.

'சினிமா என்றால் அப்படித்தான், எல்லா நடிகைக்கும் நடப்பதுதானே' என்பீர்கள். எல்லோருக்கும் நடக்கவில்லை. பத்மினியும் அதே 1952-ல் 'பணம்' படத்தில் சிவாஜிக்கு ஜோடியாக நடித்தவர்தான். அவர் 1968-ல் 'தில்லானா மோகனாம்பா'ளாகச் சலங்கை கட்டி நின்றார். பத்மினியிடம் நாட்டியம் இருந்தது. நாட்டியம் இருந்தால் பாட்டு வரும். பாட்டு இருந்தால் ரேடியோவில் வரும், அப்புறம் டி.வி.யில் வரும், மக்கள் மனசில் வயசே ஆகாமல் உட்கார்ந்துகொள்ளும். நம் ஊரில் கதாநாயகிகளை உயிரோடு வைத்திருப்பது பாட்டுதான். பண்டரிபாய்க்கு அது வாய்க்கவில்லை. 'பராசக்தி'யில் எம்.எஸ்.ராஜேஸ்வரி குரலில், மனசுக்குப் பிடித்தவனை நினைத்து ஒரு பாட்டு உண்டு. அப்புறம் சரியாக நாற்பது வருஷம் கழித்து 'மன்ன'னில் (1992) ஜேசுதாஸ் குரலில் ரஜினி பாடும் அம்மா பாட்டு. முதலாவதில் இவர் ஒருவனை நினைத்துப் பாடினார். இரண்டாவதில் மகன் இவரைச் சுமந்துகொண்டு பாடினான். பண்டரிபாய் என்றால் நமக்கு உடனே நினைவுக்கு வருவது இரண்டாவதுதான்.

(போகிற போக்கில் ஒரு வேடிக்கை: 'கௌரவம்' (1973) படத்தில் இவருடைய கணவர், பாரிஸ்டர் ரஜினிகாந்த். ஆக, 1973-ல் ரஜினிகாந்துக்கு மனைவி, 1992-ல் ரஜினிகாந்துக்கு அம்மா!)

சரி, இதெல்லாம் புலம்பல். அந்த வேடங்களுக்குள் அவர் என்ன செய்தார் என்று பார்ப்பதுதான் விமர்சனம்.

அம்மா வேடத்தில் தமிழில் பல ரகம் உண்டு. கண்ணாம்பா கர்ஜிப்பார். சி.கே.சரஸ்வதி வந்தாலே அந்த வீட்டில் குடித்தனம் நடக்காது என்று தெரிந்துவிடும். பண்டரிபாயின் ரகம் தனி. அவர் கேட்பார். எதிரே நிற்பவர் பேசுவதை முழுசாக, முகத்தால் கேட்பார்.

'கௌரவ'த்தை எடுத்துக்கொள்ளுங்கள். பாரிஸ்டருக்கு நீதிபதிப் பதவி கிடைக்கவில்லை. கர்வம் அடிபட்ட புலியாக வீட்டுக்குள் உலாத்துகிறார். வளர்த்த பிள்ளையே எதிர்த்தரப்பு வக்கீலாகி நிற்கிறான். அடேயப்பா, சிவாஜி அங்கே ஆடும் ஆட்டம்! ஆனால் ஆட்டத்துக்கு ஒரு தரை வேண்டுமே? அந்தத் தரைதான் பண்டரிபாய். புருஷனையும் விட்டுக்கொடுக்க முடியாமல், பிள்ளையையும் விட்டுக்கொடுக்க முடியாமல், காபி டம்ளரை வைத்துவிட்டு நிற்கிற மாதிரி நிற்பார். பாரிஸ்டரின் கர்வம் எவ்வளவு பெரியது என்று நமக்குத் தெரிவது, அதோடு காலம் தள்ளிய அந்தப் பெண்ணின் முகத்தில்தான். அவரும் பதிலுக்குக் குரலை உயர்த்தியிருந்தால் அந்தப் படம் வெறும் சத்தமாகப் போயிருக்கும்.

எல்லாப் படத்திலும் பிரமாதம் என்று சொல்ல மாட்டேன். இயக்குநர் ஒன்றும் யோசிக்காத படங்களில் அவரும் ஒன்றும் யோசிக்கவில்லை. தலைப்பைக் கடித்துக்கொண்டு அழுதுவிட்டுப் போன படங்கள் எக்கச்சக்கம். நல்லவள் என்று முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. அதைக் காட்டினாலே போதும் என்று அவரை வைத்துப் படமெடுத்தவர்களும் நினைத்தார்கள், சில நேரம் அவரும் நினைத்துவிட்டார்.

ஆனால் அந்த முகத்தை ஒரே ஒருவர் வேறு மாதிரி பார்த்தார். எஸ்.பாலசந்தர், பிற்பாடு வீணை பாலசந்தர் என்று உலகம் அறிந்தவர். படம், 'அந்த நாள்' (1954). பாட்டே இல்லாத முதல் தமிழ்ப் படம் என்று பொது அறிவுக் கேள்வியில் மட்டும் வாழ்கிற படம். 1943-ல் சென்னையில் ஜப்பான்காரன் குண்டு போட்ட மறுநாள், ரேடியோ இன்ஜினீயர் ராஜன் சுட்டுக் கொல்லப்பட்டுக் கிடக்கிறான். யார் சுட்டது? தம்பியா, தம்பி பெண்டாட்டியா, பக்கத்து வீட்டுக்காரரா, ஆசைநாயகியா? ஆளாளுக்கு ஒரு கதை சொல்கிறார்கள், குரோசாவாவின் 'ராஷோமான்' பாணியில். மனைவி உஷா மேல் மட்டும் நமக்குச் சந்தேகமே வருவதில்லை. பாவம், தாலியறுத்துக் கிடக்கிறாள், அவளைப் போய்க் குடைவானேன் என்று போலீஸுக்கு முன்னால் நாமே நினைத்துக்கொள்கிறோம்.

எழுபது வருஷத்துக்கு முந்தைய படம். முடிவைச் சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டீர்களே? சுட்டது உஷாதான். புருஷன் ஜப்பானுக்குத் துப்புக் கொடுக்கும் துரோகி என்று தெரிந்து, அவனிடம் மன்றாடித் தோற்று, கடைசியில் அவள் கையிலிருந்த துப்பாக்கி வெடிக்கிறது.

படத்தை இரண்டாம் தடவை பாருங்கள். அப்போதுதான் பண்டரிபாய் யார் என்பது புரியும். ஆரம்பத்திலிருந்து அவர் அழுவதெல்லாம் நிஜ அழுகை. அவள் அவனை நேசித்தவள். ஆனால் அதே அழுகைக்குள் இன்னொன்றும் இருக்கிறது. முதல் தடவை துக்கமாகத் தெரிந்த மௌனம், இரண்டாம் தடவை ரகசியமாகத் தெரிகிறது. நடிப்பில் ஒரு துளி கூட்டியிருந்தால் நமக்குச் சந்தேகம் வந்திருக்கும். குறைத்திருந்தால் பின்னால் ஏமாற்றப்பட்டதாகக் கோபம் வந்திருக்கும். அந்த அளவு அவருக்குத் தெரிந்திருந்தது. இந்த முகத்தை எல்லோரும் நம்புவார்கள் என்பதையே கதையின் மர்மமாக ஆக்கினார் பாலசந்தர்.

படம் அப்போது பெரிதாக ஓடவில்லை. அதோடு கதை முடிந்தது. அவருக்கு இன்னொரு உஷா வரவே இல்லை. இந்த முகத்தை ஜனங்கள் நம்புகிறார்கள் என்பதைத் திரையுலகம் சரியாகவே புரிந்துகொண்டது. அதனால்தான் ஐம்பது வருஷம் அவருக்கு வேலை கொடுத்தது. அந்த நம்பிக்கைக்குப் பின்னால் என்னவெல்லாம் ஒளித்துவைக்கலாம் என்று மட்டும் யாரும் யோசிக்கவில்லை. வேலை நிறையக் கொடுத்து ஒரு திறமையை வீணடிக்க முடியும் என்பதற்கு அவர் சினிமா வாழ்க்கையே சாட்சி.

2003 ஜனவரியில் பண்டரிபாய் காலமானார். ஊரே அவரைத் திரையின் அம்மா என்றுதான் நினைத்துக்கொண்டது. அதில் பொய்யில்லை. ஆனால் அந்த வார்த்தையோடு விட்டுவிடாதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் 'அந்த நாள்' போட்டு உட்காருங்கள். சிவாஜியைப் பார்க்க வேண்டாம், அவரை எப்படியும் பார்த்துவிடுவீர்கள். மூலையில் அழுதுகொண்டிருக்கும் அந்தப் பெண்ணை மட்டும் கவனியுங்கள்.