ஆளுநர் உரை: தூதா, பாயிரமா?

சட்டமன்றத்தின் புதிய கூட்டத்தொடர் ஓர் உரையுடன் தொடங்குகின்றது. இந்திய மாநிலங்களில் அவ்வுரையை நிகழ்த்துபவர் ஆளுநர். அரசியல் மாணவர் அதனைச் சடங்கென்பர். சட்ட மாணவர் அரசியலமைப்பின் ஓர் உறுப்புரை நிறைவேறும் முறையென்பர். இலக்கியம் பயில்வோர் அதனை ஒரு பனுவலாக நோக்குதலும் கூடும். எழுதியோர் யார், படிப்போர் யார், கேட்போர் யார் என்ற வினாக்களை எழுப்பி அவ்வுரையை ஆராயின், கடந்த சில ஆண்டுகளில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் அதனைச் சூழ்ந்தெழுந்த பிணக்குகளின் இயல்பு தெளிவுறும். அத்தகையதொரு விமர்சன முயற்சியே இக்கட்டுரையாகும்.

இந்திய அரசியலமைப்பின் 176 ஆம் உறுப்புரை, பொதுத் தேர்தலை அடுத்துவரும் முதற் கூட்டத்தொடரின் தொடக்கத்திலும், ஒவ்வோர் ஆண்டினதும் முதற் கூட்டத்தொடரின் தொடக்கத்திலும் ஆளுநர் சட்டமன்றத்தில் உரையாற்ற வேண்டுமென விதிக்கின்றது. 1950 இல் நடைமுறைக்கு வந்த மூலவாசகம் கூட்டத்தொடர்தோறும் இவ்வுரை நிகழ வேண்டுமெனக் கூறிற்று. 1951 இன் முதலாவது திருத்தம் அதனை ஆண்டுக்கு ஒன்றாகக் குறைத்தது. உரையின் பொருளும் அவ்வுறுப்புரையிலேயே சுட்டப்பட்டுள்ளது. சபை கூட்டப்பட்டதற்கான காரணங்களை ஆளுநர் சபைக்கு அறிவித்தல் வேண்டும். அவ்வளவே விதி. உரையை யார் எழுதுவதென்பதை அவ்வுறுப்புரை கூறவில்லை. ஆயினும் ஆளுநர் அமைச்சரவையின் ஆலோசனைப்படி இயங்க வேண்டியவர் என்பது அரசியலமைப்பின் அடிப்படை. 1974 இல் சம்ஷேர் சிங் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் இதனை வலியுறுத்தியது. எனவே உரையை எழுதுவது அமைச்சரவை, படிப்பவர் ஆளுநர்.

இவ்வேற்பாடு பிரித்தானியப் பாராளுமன்ற மரபிலிருந்து வந்தது. 1642 இல் முதலாம் சார்ள்ஸ் மன்னன் ஐந்து உறுப்பினரைக் கைதுசெய்யும் பொருட்டுப் பொதுமக்கள் சபையினுள் நுழைந்தான். இன்றும் அரியணை உரையைக் கேட்க வருமாறு உறுப்பினரை அழைக்கச் செல்லும் அரண்மனைத் தூதுவரின் முன்னே அச்சபையின் கதவு முதலில் அடைக்கப்படுவது அந்நிகழ்ச்சியின் நினைவாகவே. காலப்போக்கில் அரசியல் அதிகாரம் அமைச்சரைச் சார்ந்தபோது, உரையை மொழியும் வாய் மன்னனிடம் எஞ்சியது. எழுதுகோல் அமைச்சரிடம் சென்றது. படிப்பவருக்கும் எழுதியவருக்கும் இடையிலுள்ள இவ்விடைவெளியை வெறும் போலித்தனமெனக் கருதுவோர் உளர். உண்மையில் நீண்டதொரு போராட்டத்தின் விளைவு அவ்விடைவெளியிலேயே உறைந்து கிடக்கின்றது. தெரிவுசெய்யப்படாத ஒருவர் தெரிவுசெய்யப்பட்டோரின் சொல்லைத் தம் வாயால் மொழிகின்றார். அதிகாரம் எங்கே இருக்கின்றது என்பதை அச்செயல் ஆண்டுதோறும் சபையறியக் காட்டுகின்றது.

தமிழ் மரபில் இத்தகைய வாய்க்கு ஒரு பெயருண்டு. அது தூது. திருக்குறளின் ‘தூது’ அதிகாரத்துக்கு உரை வகுத்த பரிமேலழகர் தூதரை இருவகையினராகப் பகுப்பார். தானே வகுத்துக் கூறுவான் ஒருவன். பிறர் கூறியதைக் கூறுவான் மற்றொருவன். முன்னவனை அமைச்சனுக்கு நிகராக வைத்து, பின்னவனை அவனிற் குறைந்தவனாக அவர் மதிப்பர். இப்பாகுபாட்டை ஆளுநர் உரைக்குப் பொருத்தின் பிணக்கின் வேர் புலனாகும். அரசியலமைப்பு ஆளுநரைக் கூறியது கூறுவானாக அமைத்திருக்க, ஆளுநர் சிலர் வகுத்துக் கூறுவாராக விளங்க முயன்றுள்ளனர்.

முதற்கண் 1969 ஆம் ஆண்டின் மேற்கு வங்காள நிகழ்ச்சியை நோக்கலாம். 1967 நவம்பரில் அஜோய் முகர்ஜி தலைமையிலான ஐக்கிய முன்னணி அரசாங்கத்தை ஆளுநர் தர்ம வீரா பதவி நீக்கினார். 1969 தேர்தலில் அதே முன்னணி மீண்டும் வென்று ஆட்சியமைத்தது. அவ்வாண்டு மார்ச் 6 ஆந் திகதி அவர் படிக்கவேண்டியிருந்த உரையில், முன்னைய பதவி நீக்கத்தைக் கண்டிக்கும் பகுதியும் இடம்பெற்றது. அதாவது, தம்மைத் தாமே கண்டிக்கும் வாசகத்தைத் தம் வாயாற் படிக்குமாறு ஆளுநர் பணிக்கப்பட்டார். அவர் அப்பகுதியை விட்டுவிட்டு ஏனையவற்றைப் படித்தார். சபையில் எதிர்ப்பெழுந்தது. இந்நிகழ்ச்சியில் ஆளுநர் மரபை மீறினார் என்பது வெளிப்படை. ஆயின் அரசாங்கமும் அவ்வடிவத்தை அதன் நோக்கத்துக்குப் புறம்பான ஒன்றுக்குப் பயன்படுத்திற்று. சபை கூட்டப்பட்ட காரணத்தை அறிவிக்கும் ஓலையைப் பழைய கணக்கைத் தீர்க்கும் ஓலையாக மாற்றியமை வடிவப் பிழையே.

கேரளத்தில் 2020 ஜனவரி 29 ஆந் திகதி நிகழ்ந்தது வேறு வகை. குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்க்கும் பந்தியை அணுகியதும் ஆளுநர் ஆரிப் முகமது கான் தமது உடன்பாடின்மையைச் சபைக்குத் தெரிவித்தார். முதலமைச்சரின் விருப்பத்தை மதித்துப் படிப்பதாகக் கூறி அப்பந்தியையும் படித்தார். இலக்கிய மரபில் இவ்விடத்து அவர் உரைகாரர் நிலையை மேற்கொண்டார் எனலாம். உரைகாரர் நூலாசிரியரோடு மாறுபடலாம். மாறுபாட்டைத் தம் உரையிற் பதியலாம். மூலத்தைச் சிதைத்தல் ஆகாது. தூதர் தம் கருத்தை இடையிட்டுக் கூறுதல் மரபுக்கு இசைந்ததா என்பது விவாதத்துக்குரியது. ஆயினும் மூலம் முழுமையாகச் சபையை அடைந்தது. அதே ஆளுநர் 2024 ஜனவரி 25 ஆந் திகதி, நூற்றுக்கு மேற்பட்ட பந்திகளைக் கொண்ட உரையின் இறுதிப் பந்தியை மட்டும் படித்து இரண்டு நிமிடங்களுக்குள் முடித்துக்கொண்டார். 2020 இல் உரைகாரராக நின்றவர் 2024 இல் அந்நிலையையும் கைவிட்டார் என்றே கொள்ள வேண்டியுள்ளது.

தமிழ்நாட்டு நிகழ்ச்சிகள் இவற்றினும் சிக்கலானவை. அங்கு ஆளுநர் உரை இரு மொழிகளில், இரு குரல்களில் ஒலிப்பது வழக்கம். ஆளுநர் ஆங்கிலத்திற் படிப்பார். பின்னர் சபாநாயகர் தமிழ் வடிவத்தைப் படிப்பார். 2023 ஜனவரி 9 ஆந் திகதி ஆளுநர் ஆர். என். ரவி அச்சிடப்பட்ட உரையின் சில பகுதிகளைத் தவிர்த்தார். பெரியார், அம்பேத்கர், காமராசர், அண்ணா, கலைஞர் ஆகியோரின் பெயர்களைத் தாங்கிய பந்தியும், ‘திராவிட மாடல்’ என்ற தொடரும் அவற்றுள் அடங்கும். சபாநாயகர் படித்த தமிழ் வடிவத்தில் அவை இருந்தன. இதன் பயனாக ஒரே நாளில், ஒரே அவையில், ஒரே உரைக்கு இரண்டு பாடங்கள் தோன்றின. முதலமைச்சர் மு. க. ஸ்டாலின், அச்சிடப்பட்ட ஆங்கில வாசகமும் சபாநாயகர் படித்த தமிழ் வாசகமும் மட்டுமே சபைக் குறிப்பில் இடம்பெற வேண்டுமென்ற தீர்மானத்தை முன்மொழிந்தார். அவர் பேசிக்கொண்டிருக்கையிலேயே ஆளுநர் அவையை நீங்கினார்.

பாடபேதம் என்பது சுவடிகளை ஒப்புநோக்கிப் பதிப்பிப்போர் நன்கறிந்த சிக்கல். ஏடெழுதுவோன் ஓரடியை விட்டெழுதினால், பதிப்பாசிரியர் நூலாசிரியரின் கருத்தை நாடி அதனை நிறைவு செய்வார். ஏடெழுதியோனின் விருப்பு வெறுப்பு அவருக்குப் பொருட்டன்று. தமிழ்நாட்டுச் சட்டமன்றம் அன்று நிறைவேற்றிய தீர்மானத்தை ஒரு பதிப்பாசிரியரின் முடிவாகவே கொள்ளலாம். மூலம் எது, வழு எது என்பதைச் சபையே தீர்மானித்தது. அம்முடிவு சரியானதென்பதே எமது கருத்து. விடுபட்டவை வெறும் பெயர்கள்தாமே எனச் சிலர் கூறக்கூடும். ஓர் அரசாங்கம் தன் கொள்கையின் வழிமரபாக எவரைக் கருதுகின்றது என்பதை உணர்த்துவன அப்பெயர்களே. அவற்றை நீக்கி எஞ்சிய திட்டங்களை மட்டும் படித்தல், கடவுள் வாழ்த்தையும் அவையடக்கத்தையும் கிழித்தெறிந்துவிட்டுக் காப்பியத்தைக் கதையாக மட்டும் வாசிப்பதனை ஒக்கும்.

2024 பெப்ரவரி 12 ஆந் திகதி அதே ஆளுநர், உண்மை நோக்கிலும் அறநோக்கிலும் தமக்கு உடன்பாடில்லாத பகுதிகள் பலவுண்டெனக் கூறி உரையைத் தொடராது நிறுத்தினார். 2025 ஜனவரி 6 ஆந் திகதி, தேசிய கீதம் தொடக்கத்தில் இசைக்கப்படவில்லை என்பதைக் காரணங்காட்டி உரையைப் படியாமலே வெளியேறினார். தொடக்கத்தில் தமிழ்த்தாய் வாழ்த்தும் முடிவில் தேசிய கீதமும் இசைக்கப்படுவதே அச்சபையின் வழக்கம்.

இங்கு ஆளுநர் தரப்பு வாதமொன்றை நேர்மையுடன் எதிர்கொள்ள வேண்டும். உண்மையல்லாத ஒன்றை உண்மையெனப் படிக்குமாறு ஒருவரை வற்புறுத்தலாமா? இவ்வினா ஒதுக்கத்தக்கதன்று. மனச்சான்றுள்ள எவரும் அதனை எழுப்புவர். ஆயின் அவ்வினாவுக்கு விடையளிக்கும் இடம் ஆளுநரின் மேடையன்று. உரைக்கு நன்றி தெரிவிக்கும் பிரேரணை மீது சபை விவாதிக்கின்றது. எதிர்க்கட்சியினர் அவ்வுரையின் ஒவ்வொரு கூற்றையும் மறுக்கலாம். பிரேரணைக்குத் திருத்தங்களை முன்வைக்கலாம். பிரேரணை தோல்வியுறின் அரசாங்கம் சபையின் நம்பிக்கையை இழந்ததாகக் கருதப்படும். பொய்யை வெளிப்படுத்தும் கடமை இவ்வாறு மக்கள் பிரதிநிதிகளிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளது. தூதர் ஓலையைத் திருத்திவிட்டால் மறுக்க வேண்டியவரிடம் மறுக்கப்பட வேண்டிய வாசகமே சென்றடையாது. ஆளுநரின் மௌனம் எதிர்க்கட்சியின் உரிமையையும் குறைக்கின்றது என்பது பலராலும் கவனிக்கப்படாத உண்மையாகும்.

இதுவரை படிப்போரின் குறையை நோக்கினோம். எழுதுவோரின் குறையும் நோக்கற்பாலது. கூட்டத்தொடரின் முகப்பில் நிற்றலின் இவ்வுரை ஒருவகையிற் பாயிரமாகும். நூல் நுவலும் பொருளையும் அதன் பயனையும் பாயிரம் உணர்த்த வேண்டும் என்பது நன்னூலார் கருத்து. தன்னைத் தானே புகழ்தல் எத்துணைப் பெரும் புலவனுக்கும் தகாது என்பதனாற் சிறப்புப் பாயிரத்தை ஆசிரியன், உடன்கற்றோன், மாணாக்கன், உரைகாரன் ஆகிய பிறரே செய்ய வேண்டும் எனவும் அவர் விதிப்பர். தற்புகழ்ச்சிக்கு அவர் இடந்தரும் தருணங்கள் மிகச் சில. மாற்றார் பழிக்கும்போது தன்னைப் புகழ்தல் அவற்றுள் ஒன்று. எதிர்க்கட்சியின் பழிப்புக்கு விடையாகவே சாதனைகளைக் கூறுகின்றோமென அரசாங்கங்கள் இவ்விலக்கைத் துணைக்கொள்ளக் கூடும். ஆயின் நன்னூலார் அனுமதிப்பது புலவன் தன் வாயால் தன்னைப் புகழ்வதையே. பிறர் வாயில் தன் புகழை எழுதி வைப்பதற்கு அவரிடம் விதியில்லை.

ஆளுநர் உரைகள் பெரும்பாலும் இக்குற்றத்துக்கு ஆளானவையே. கட்சி வேறுபாடின்றி எல்லா மாநில அரசாங்கங்களும் அவற்றைச் சாதனைப் பட்டியலாக நீட்டியுள்ளன. துறை துறையாகத் திட்டங்களின் பெயர்களும் தொகைகளும் அடுக்கப்படுகின்றன. சபை எதற்காகக் கூட்டப்பட்டது, எச்சட்டமூலங்கள் வரவிருக்கின்றன, நிதி நிலையின் நெருக்கடி யாது, சென்ற ஆண்டு உறுதியளித்தவற்றுள் நிறைவேறாதவை எவை என்பனவற்றை அவ்வடுக்கினுள்ளே தேடியெடுக்க வேண்டியுள்ளது. அறிவித்தல் புகழ்ச்சியாக மாறும்போது, கூறியது கூறுவான் பிறர்க்குப் பரணி பாடுவோனாகத் தாழ்த்தப்படுகின்றான். மரபை மீற எண்ணும் ஆளுநருக்கு ஒரு சாட்டை அதுவே எடுத்துக் கொடுக்கின்றது. இவ்வுரையையே ஒழித்துவிடலாமென்ற கருத்துக்கு எமக்கு உடன்பாடில்லை. ஒழிக்கப்பட வேண்டியது அதன் தற்புகழ்ச்சி. சுருங்கிய, காரணங் கூறும் உரையை முழுமையாகப் படியாது விடுவதற்கு எந்த ஆளுநரும் எளிதிற் காரணங் காட்ட இயலாது.

இலங்கையிற் பயிலும் எமக்கு இவ்விடயம் அயலார் வழக்கன்று. சோல்பரி அரசியலமைப்பின் காலத்தில் மகாதேசாதிபதி படித்த சிம்மாசனப் பிரசங்கமும் இதே மரபின் கிளை. 1978 அரசியலமைப்பில் ஜனாதிபதி ஆட்சித் தலைவருமானார். கூட்டத்தொடரின் தொடக்கத்தில் அவர் வெளியிடும் கொள்கைக் கூற்று அவருடைய சொந்த அரசாங்கத்தினது. எழுதியவரும் படிப்பவரும் ஒருவரே ஆனமையால் தூது என்ற நிலை அங்கு மறைந்தது. மாகாணங்களிலோ 1987 இன் பதின்மூன்றாவது திருத்தம், ஜனாதிபதி நியமிக்கும் ஆளுநர், தெரிவுசெய்யப்பட்ட சபை, முதலமைச்சர் என்னும் இந்திய அமைப்பையொத்த ஒன்றை நிறுவிற்று. 2013 செப்டெம்பரில் தெரிவான வட மாகாண சபையின் ஆயுள் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன் பின்னர் தேர்தலின்றிக் கழிந்த ஆண்டுகளில் மாகாண நிருவாகம் ஆளுநரின் கையிலேயே இருந்தது.

சென்னையிலும் திருவனந்தபுரத்திலும் எழுந்த வினா, ஆளுநர் எப்பந்தியைப் படியாது விட்டார் என்பது. பந்தியை எழுதுவதற்கு அங்கே ஓர் அமைச்சரவை இருந்தது. விடுபட்டதைக் குறிப்பில் நிலைநிறுத்துவதற்கு ஒரு சபை இருந்தது. சபையே இல்லாத ஆண்டுகளில் ஆளுநர் எவருக்கும் தூதரல்லர். தாமே வகுத்து, தாமே கூறி, தாமே நிறைவேற்றுபவர். கூட்டத்தொடரின் தொடக்க உரையைச் சலிப்பூட்டும் சடங்கென இகழ்வோர் இவ்வேறுபாட்டைச் சிந்தித்தல் நன்று. கூறியது கூறுவானை ஒரு சமூகம் பெற்றிருக்கின்றதெனின், கூறுவதற்குரிய வாக்கு அச்சமூகத்திடம் உண்டு என்பதே அதன் பொருள்.