நான்கு தோட்டாக்கள், ஒரு மூடிய கதவு

கைத்துப்பாக்கியில் நான்கு தோட்டாக்கள் மிச்சம். மருந்துப் பெட்டி ஒன்றே ஒன்று. எதிரே மூடிய கதவு. அதைத் திறக்கும்வரை அந்தப் பக்கம் முழு இருட்டு. திறந்த நொடியில் அறை மொத்தமும் வெளிச்சத்துக்கு வந்துவிடும். காலி அலமாரி இருக்கலாம், உணவுப் பொட்டலம் இருக்கலாம். கண்கள் மட்டும் ஒளிர, கரிக்கட்டை போல் நிற்கும் நான்கைந்து உருவங்கள் ஒரே சமயத்தில் பாய்ந்தும் வரலாம். 'தி ஃபைனல் ஸ்டேஷன்' விளையாடுகிறவர் பெரும்பாலான நேரம் இப்படியொரு கதவுக்கு முன்னால்தான் நின்றுகொண்டிருப்பார்.

ரஷ்யாவைச் சேர்ந்த 'டூ மை பெஸ்ட்' என்ற சிறு குழு உருவாக்கிய கேம் இது. 'டைனிபில்ட்' நிறுவனம் 2016-இல் வெளியிட்டது. கணினியிலும் பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் கருவிகளிலும் கிடைக்கிறது. பின்னர் நின்டெண்டோ ஸ்விட்சுக்கும் வந்தது. பக்கவாட்டில் நகரும் திரை, கட்டம் கட்டமாகத் தெரியும் பிக்சல் ஓவியம், விரல் நகமளவே இருக்கும் நாயகன் என்று தோற்றத்தில் எல்லாமே தொண்ணூறுகளின் வாசனை. விளையாட்டு முறை மட்டும் வேறு.

அந்த வேறுபாடு புரிய, பழைய கேம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். எஸ்என்கே 2000-இல் வெளியிட்ட 'மெட்டல் ஸ்லக் 3'-இன் இரண்டாவது கட்டத்தில் ஜாம்பிகள் கூட்டம் கூட்டமாக வரும். அவை தாக்கினால் நாயகனே ஜாம்பி ஆகிவிடுவான். நடை தளர்ந்துபோகும், ஆனால் திரை நெடுக ரத்தத்தைப் பீய்ச்சியடித்து எதிரிகளை ஒரே வீச்சில் அழிக்கும் சக்தி வந்துவிடும். அங்கே கைத்துப்பாக்கிக்குத் தோட்டா தீர்ந்துபோவதே கிடையாது. விரல் ஓயாமல் சுட்டுத் தள்ளுவதுதான் அதன் இன்பம். 'தி ஃபைனல் ஸ்டேஷன்' இதற்கு நேர் எதிர்த்திசையில் போகிறது. இதில் ஒவ்வொரு தோட்டாவுக்கும் கணக்கு உண்டு.

சண்டை முறை எளிமையானது. தலைக்குக் குறி வைத்தால் குறைந்த தோட்டாவில் வேலை முடியும். உடம்பில் சுட்டால் வீண் செலவு. பொத்தானை அழுத்திப் பிடித்து விட்டால் கைமுட்டி பலமாக இறங்கும், அதற்குத் தோட்டா தேவையில்லை. நாற்காலி போன்ற சாமான்களைத் தூக்கி வீசினால் எதிரில் வருபவன் விழுவான். தலைக்கவசம் அணிந்த எதிரி வந்தால் முதலில் கவசத்தைத் தட்டிவிட வேண்டும். குள்ளமானவை விறுவிறுவென ஓடிவரும். வெடித்துச் சிதறும் வகையும் ஒன்று உண்டு. அதைக் கூட்டத்துக்கு நடுவில் வரவிட்டு ஒரே ஒரு தோட்டாவைச் செலவழித்தால், பக்கத்தில் இருப்பவையும் சேர்ந்து சாயும்.

இதைத் தெரிந்துகொண்டபின் ஆட்டமே மாறிவிடுகிறது. ஓர் அறைக்குள் மூன்று பேர்: ஒருவன் கவசக்காரன், ஒன்று குள்ளம், ஒன்று சாதாரணம். கதவைத் திறந்ததும் இரண்டடி பின்வாங்க வேண்டும். முதலில் ஓடிவரும் குள்ளத்துக்கு ஒரு குத்து. அடுத்து வருபவன்மேல் நாற்காலி. கடைசியாகக் கவசக்காரனுக்கு மட்டும் துப்பாக்கி. எல்லாம் முடிந்து பார்த்தால் நான்கில் இரண்டு தோட்டாக்கள் மிஞ்சியிருக்கின்றன. அவசரப்பட்டுச் சுட்டிருந்தால் அடுத்த கதவைத் திறக்கவே கை வந்திருக்காது.

இவ்வளவு சிக்கனம் எதற்கு? ரயிலுக்காக. கதையின் நாயகன் போர்வீரன் இல்லை, ரயில் ஓட்டுபவன். நூறாண்டுக்கு முன் உலகைச் சிதைத்த பேரழிவு ஒன்று மறுபடியும் தொடங்கியிருக்கிறது. அந்த நேரத்தில் அவன் அரசின் சரக்கை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறான். ஒவ்வொரு நிலையத்திலும் தண்டவாளத்தில் ரயில் பூட்டி நிறுத்தப்படும். நான்கு இலக்க எண்ணைக் கண்டுபிடித்தால்தான் பூட்டு திறக்கும். அந்த எண் ஏதோ ஒரு துண்டுச் சீட்டில் இருக்கும். சீட்டைத் தேடித்தான் இருண்ட வீடுகளுக்குள்ளும் சுரங்கங்களுக்குள்ளும் இறங்கியாக வேண்டும்.

வழியில் உயிரோடு கிடைப்பவர்கள் பெட்டியில் ஏறிக்கொள்வார்கள். சிலருக்குப் பசி, சிலருக்குக் காயம். தேடி எடுத்துவந்த உணவும் மருந்தும் அவர்களுக்கும் போய்ச் சேர வேண்டும். தனக்கு வைத்துக்கொள்ளும் மருந்துப் பெட்டி ஒவ்வொன்றும் ரயிலில் படுத்திருப்பவருக்குக் கிடைக்காமல் போகும் மருந்து. பெரிய நகரம்வரை அவர்களை உயிரோடு கொண்டு சேர்த்தால் பரிசு உண்டு. வழியிலேயே இறந்துபோனால் அந்த இருக்கை காலி. கேம் அதற்காகத் திட்டுவதில்லை, பின்னணி இசையைக் கூட்டி அழவைப்பதுமில்லை. ரயில் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். கையிருப்பை எண்ணிப் பார்த்து, 'அந்த ஒரு பெட்டியைக் கொடுத்திருக்கலாமே' என்று விளையாடுகிறவருக்கே உறுத்தும். இந்த உறுத்தலை உண்டாக்கியதுதான் இந்தச் சிறு குழுவின் பெரிய சாதனை.

பிக்சல் ஓவியமும் இதற்குத் துணை நிற்கிறது. முகமே தெரியாத அளவு சிறிய மனிதர்கள். அவர்களுக்குப் பின்னால் பனி மூடிய மலை, ஆலைகள், ஆளற்ற நகரங்கள் என்று விரிந்துகிடக்கும் காட்சிகள். நுணுக்கமான முப்பரிமாணத்தில் வரைந்திருந்தால் அருவருப்பு மட்டும் மிஞ்சியிருக்கும். இங்கே கரிய உருவத்தில் இரண்டு ஒளிப்புள்ளிகளே போதுமானவையாக இருக்கின்றன. சுவரில் ஒட்டிய அறிவிப்பு, மேசைமேல் கிடக்கும் கடிதம், கட்டிலோரம் கிடக்கும் சடலம் ஆகியவை பாதிக் கதையைச் சொல்லிவிடுகின்றன.

குறைகளும் இருக்கின்றன. ரயில் ஓடும்போது இயந்திரங்கள் கோளாறு செய்யும். ஓடிஓடிப் போய்ச் சரிசெய்தாக வேண்டும். அதே நேரத்தில்தான் பயணிகள் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். கதையின் முக்கியமான செய்திகள் அந்தப் பேச்சில்தான் வருகின்றன. ஒரு விசையைத் திருகிவிட்டுத் திரும்புவதற்குள் உரையாடல் எழுத்துகள் மறைந்திருக்கும், மறுபடி படிக்க வழியில்லை. ஆங்கிலத்தை வேகமாகப் படிக்க இயலாதவர்களுக்கு இது கூடுதல் சுமை. இயந்திரப் பழுதும் சில பயணங்களுக்குப் பிறகு ஒரே மாதிரியாகிச் சலிப்புத் தட்டுகிறது. முடிவில் எல்லாக் கேள்விக்கும் விடை கிடைக்கும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு ஏமாற்றம்தான்.

கேம் சில மணி நேரத்தில் முடிந்துவிடும். ஒரு வாரக்கடைசிக்குச் சரியான அளவு. முடித்தவர்களுக்கு 2017-இல் வந்த 'தி ஒன்லி ட்ரெய்ட்டர்' என்ற கூடுதல் பகுதி இருக்கிறது. அதில் ரயிலுக்குப் பதில் கார். உடன் ஒருவரை மட்டுமே அழைத்துப் போக முடியும் என்பதால், யாரை விட்டுவிட்டுப் போவது என்ற கேள்வி இன்னும் கூர்மையாக எழுகிறது.

ரத்தமும் சடலங்களும் நிறைய இருப்பதால் சிறு பிள்ளைகளுக்கு ஏற்றதல்ல. ஓயாமல் சுட வேண்டும் என்று விரும்புகிறவர்களுக்கு 'மெட்டல் ஸ்லக் 3' இன்றும் கடையில் கிடைக்கிறது. யோசித்துச் சுட விரும்புகிறவர்கள் 'தி ஃபைனல் ஸ்டேஷன்' வாங்கலாம். இரவில், ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு விளையாடுங்கள். பயணிகள் பேசத் தொடங்கினால் இயந்திரத்தைச் சற்று நேரம் விட்டுவிட்டு, அவர்கள் சொல்வதை முதலில் படியுங்கள்.